சங்கரலிங்கத்தின் ஓட்டு

உயிரோடு இருந்தபோது வாக்குச்சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்காத சங்கரலிங்கம், செத்த பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. மகன் செல்லையா ஆள் வைத்து அப்பா பெயரில் ஓட்டுப் போட வைப்பார். போன முறை அவர் பஞ்சாயத்துத் தலைவர் ஆனதே ஒரு ஓட்டில்தான்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கத் தலையாரி பேச்சிமுத்து கறுப்புக் குடையோடு போனபோது, செல்லையா வீட்டில் அதே சங்கரலிங்கத்துக்குத் திவசம். மதில்மேல் சோறு வைத்துவிட்டு, காகம் வந்து தொடட்டும் என்று சொந்தபந்தமெல்லாம் பசியோடு காத்திருந்தது.

"பெரியய்யா பேரை நீக்கிரலாமாய்யா?" என்றார் பேச்சிமுத்து.

"ஏலே, அப்பா உள்ளே தூங்குதாரு. இருக்காருன்னு எழுது. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது" என்றார் செல்லையா.

"சரிங்கய்யா. எந்திரிக்கட்டும், பாத்துட்டே எழுதுதேன்."

பேச்சிமுத்து மதிலோரம் போய்க் குடையை விரித்துக்கொண்டு நின்றார். தென்னையில் இருந்த காகங்கள் குடையைப் பார்த்துக் கத்தினவே தவிர, ஒன்றும் கீழே இறங்கவில்லை. செல்லையா "கா, கா" என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோனார். வெயிலும் சாய்ந்தது.

"காக்கா ஏன் வரமாட்டேங்குது?" என்றாள் செல்லையாவின் அத்தை.

"எப்படி வரும் ஆச்சி? ஐயாதான் உள்ளே தூங்குதாரே!" என்றார் பேச்சிமுத்து.

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. "செத்தவனைச் செத்தான்னு சொல்லித் தொலைடா! எனக்குச் சர்க்கரை வியாதி!"

"செத்துட்டாரு! பேரை அடிச்சுத் தொலை!" என்று கத்திக்கொண்டே செல்லையா பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

பேச்சிமுத்து குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். மதிலில் காகம் இறங்கியது.