மதிலுக்குள் பெய்த மழை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆற்றங்கரையில் இருந்த பவழபுரி நாட்டை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். குதிரைப் பந்தயத்தில் மட்டும் அவன் ஆசை மாறியதே இல்லை.

அந்த நாட்டில் சில வருஷங்களாக மழையின் போக்கே மாறிவிட்டது. ஐப்பசியில் எட்டிப் பார்க்காது. மார்கழியில் வந்து, ஒரு மாதத்து மழையை ஒரே பகலில் கொட்டிவிட்டுப் போய்விடும். கோடையிலோ குடிக்கத் தண்ணீர் இருக்காது. போன மழையில் குயவர் தெரு ஜனங்கள் கூரைமேல் உட்கார்ந்து அழுதார்கள். அது ராஜாவுக்கு உறைக்கவில்லை. தன் கட்டிலுக்கு அடியில் ஒரு கெண்டை நீந்திப் போனதும்தான் சபையைக் கூட்டினான்.

முதலில் எழுந்தவர் கோட்டைத் தலைவர் செண்பகராயர். அமைச்சர் வடிவம்மை பேசினால் ராஜா தலையாட்டுவதைப் பார்த்து வயிறு எரிபவர். ஊரைச் சுற்றி ஊசித் துளைகூட இல்லாமல் பெரிய மதில் எழுப்பினால் ஆறு வந்த வழியே திரும்பிவிடும் என்றார். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று.

வடிவம்மையோ, தண்ணீருக்கு ஓர் இடம் கொடுப்போம் என்றாள். ஊரின் பள்ளத்தில் முன்பு ஏரி இருந்தது. அதைத் தூர்த்துத்தான் பந்தய மைதானம் ஆக்கியிருக்கிறது. திரும்பத் தோண்ட வேண்டும் என்றாள். ராஜாவின் முகம் சுருங்கியது.

"அமைச்சருக்குத் தண்ணீரைக் கண்டு பயம், மகாராஜா. பயந்தவர்தான் எதிரிக்கு இடம் கொடுப்பார்" என்றார் செண்பகராயர்.

மதிலால் பயனில்லை என்று ஒரு வாரத்துக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதவியை விட்டுப் போக வேண்டும் என்று ராஜா வடிவம்மைக்கு உத்தரவிட்டான்.

வாரம் முடிந்தது. அரண்மனை முற்றத்தில் மார்பளவு உயரத்துக்கு ஒரு வட்ட மதில் நின்றது. நடுவே ஒரு நாற்காலி. மதிலை யோசித்தவருக்கே முதல் மரியாதை என்று வடிவம்மை செண்பகராயரை அழைத்தாள். அவர் ஏணி வைத்து இறங்கிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வெளியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரை மதில்மேல் வீசினார்கள். உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. செண்பகராயர் மீசையை முறுக்கினார். வடிவம்மையும் மதிலை மனமாரப் புகழ்ந்தாள்.

"ஆறு வந்துபோயிற்று. இனி மழை" என்று மாடியைப் பார்த்துக் கையசைத்தாள்.

மாடியில் நின்ற தண்ணீர்க்காரர்கள் கொட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கும் வந்தது. தலைப்பாகை தனியாக மிதந்தது.

"யாராவது ஒரு துளை போடுங்கள்" என்று கத்தினார் செண்பகராயர்.

"ஊசித் துளைகூடக் கூடாது என்றவர் தாங்கள்தானே?" என்றாள் வடிவம்மை.

"அது ஊருக்குச் சொன்னது. இங்கே உள்ளே இருப்பது நான்."

விழுந்து விழுந்து சிரித்த ராஜா சட்டென்று நிறுத்தினான். கூரைமேல் அழுதவர்களும் உள்ளே இருந்தவர்கள்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மதிலை இடிக்கச் சொன்னான். தண்ணீர் பாய்ந்து, வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி ஓடியது. ராஜாவும் பின்னாலேயே நடந்தான். அது போய்ச் சேர்ந்த இடம் பந்தய மைதானம். குனிந்து ஈர மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். பிறகு, "தோண்டுங்கள்" என்றான்.

ஏரி வெட்டினார்கள். அந்த மண்ணைக் கொட்டிக் குயவர் தெருவை மேடாக்கி, வீடுகளை அதன்மேல் கட்டினார்கள். நெற்களஞ்சியத்தையும் மேட்டுக்கு மாற்றினார்கள். மழை முன்போலவே வெறிகொண்டு வந்தது. ஏரி அத்தனையையும் வாங்கிக்கொண்டது. கோடைக்கும் வைத்திருந்து கொடுத்தது. மதகைக் கவனிக்கும் வேலை செண்பகராயருக்கு. முதலில் முணுமுணுத்தார். போகப் போக, மேகம் கறுத்தாலே மதகடிக்கு ஓடுகிறவர் ஆனார்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வடிவம்மையிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. வருஷாவருஷம் ஏரியில் தூர் வாரும்போது முதல் வெட்டு ராஜா வெட்ட வேண்டும், அது போதும் என்றாள். சபை சிரித்தது. ராஜா மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னான்.

அதற்குப் பிறகு பவழபுரியில் யாருக்கு முடிசூட்டுவதானாலும், முதலில் உள்ளங்கையைத்தான் தொட்டுப் பார்ப்பார்களாம். மண்வெட்டி பிடித்த காய்ப்பு இருந்தால்தான் கிரீடம்.