பஞ்சவர்ணம் மூடிய வெறும் குழி

ஆம்பல் மடுவில் காலைப் பனி அத்தனை சீக்கிரம் கலையாது. சூரியன் புங்கமரக் கிளைக்கு மேலே ஏறிய பிறகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. பூக்கள் மட்டும் வெள்ளைப் புகையில் மிதந்துகொண்டிருக்கும். அந்த மடுவின் கரையில் பஞ்சவர்ணம் என்ற கிழட்டுப் பூனை அரைக்கண் மூடிப் படுத்திருந்தது.

பேருக்குத்தான் பஞ்சவர்ணம். உடம்பில் இருந்தது கறுப்பு, வெள்ளை, செம்பட்டை என்று மூன்றே நிறம். மீதி இரண்டு எங்கே என்று கேட்டால் அதற்குப் பொல்லாத கோபம் வரும். கேட்காதீர்கள்.

அதற்கு இப்போது ஒரே ஒரு கவலை. ஐந்து நாளாய் அது வெளிக்குப் போகவில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். தினமும் போகிறவர்களுக்கு இது சிரிப்புதான். போகாதவர்களைக் கேட்டால் தெரியும், அது என்ன பாடு என்று.

பஞ்சவர்ணம் முன்பு ஒரு வீட்டில் வளர்ந்தது. வயது ஏற ஏற வயிறு கெட்டிப்பட்டது. மூலை மூலையாய் உட்கார்ந்து முக்கிப் பார்க்கும், ஒன்றும் நடக்காது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், புதுக் கோரைப்பாயின் மேலேயே போய்விட்டது. அவ்வளவுதான், மறுநாள் அதைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, காட்டு வாய்க்காலில் விட்டெறிந்துவிட்டார்கள். பதினான்கு வருஷம் எலி பிடித்துக் கொடுத்ததற்கு மரியாதை!

நல்லவேளை, அந்தப் பக்கம் சுழியன் என்ற நீர்நாய் மீன் தேடி வந்தது. சாக்கைக் கரைக்கு இழுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தது. உள்ளே நனைந்து நடுங்கிய பூனையைப் பார்த்ததும் அதற்கு நெஞ்சு தாங்கவில்லை.

"அக்கா, பயப்படாதீங்க! இனிமே ஆம்பல் மடுதான் உங்க வீடு!" என்றது.

வீடு! அந்தச் சொல்லைக் கேட்டதும் பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. வயிறு கெட்ட பூனை என்று இங்கேயும் தெரிந்துவிட்டால்? இன்னொரு சாக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் கிழவி ஒரு தந்திரம் செய்தது. பூனைச் சாதிக்கு மண்ணில் குழி தோண்டிப் போய், மண்ணைத் தள்ளி மூடுகிற வழக்கம் உண்டல்லவா? பஞ்சவர்ணம் தினமும் காலையில் மணல் திட்டுக்குப் போகும். குழி தோண்டும். மரியாதையாய்ச் சற்று நேரம் உட்காரும். ஒன்றும் வராது. எழுந்து, ஏதோ பெரிய காரியம் முடித்ததுபோல் வெறும் குழியை மூடி, மேலே நாலு தட்டுத் தட்டிவிட்டு வரும்.

தூரத்திலிருந்து பார்க்கும் சுழியனுக்குச் சந்தோஷம். "அக்கா உடம்பு தேறிட்டாங்க!" என்று தண்ணீரில் ஒரு குட்டிக்கரணம் போடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. பச்சை மீன் அன்றாடம் தின்பது, அதை விருந்தாளிக்குக் கொடுப்பது அவமரியாதை என்பது ஆம்பல் மடு நீர்நாய்களின் எண்ணம். விருந்தாளி என்றால் பாறையில் நாலு நாள் வெயிலில் காய்ந்த மீன்தான்! சுழியன் தினமும் மொறுமொறுவென்று காய்ந்த மீனைக் கொண்டுவந்து குவிக்கும். பஞ்சவர்ணமோ தேங்கின தண்ணீரில் வாய் வைக்காது. உள்ளே போவதெல்லாம் காய்ந்தது, குடிப்பதோ சொட்டுமில்லை. வயிறு என்ன செய்யும், பாவம்!

மத்தியானங்களில் பஞ்சவர்ணத்துக்கு ஒரே கனவு வந்தது. மடுவின் நடுவில் அது மெல்ல மெல்ல அமிழும். ஆம்பல் தண்டுகள் நீளநீளமாய்ப் பக்கத்தில் ஆடும். மேலே வெளிச்சம் பச்சையாய்க் கலங்கும். ஒரு கெண்டைக்குஞ்சு மூக்குக்கு நேரே வந்து, "ஏன் பாட்டி இப்படிக் கனக்கறீங்க?" என்று கேட்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வராது. கனவுக்குள் வலி இல்லை, அதனால் எழுந்திருக்கவும் அதற்கு மனம் வராது.

ஆறாம் நாள் வலி பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அது கொக்கு வைத்தியரிடம் போனது. அவர் ஒற்றைக்காலில் நின்றபடி நாடி பார்ப்பவர். பார்த்த நாடியைவிடப் பார்த்த மீன்தான் அதிகம்.

"வைத்தியரே, வயிறு..." என்று இழுத்தது பஞ்சவர்ணம்.

"தெரியும், தெரியும்! ஒரே வேளை மருந்து, ஒரே நாளில் குணம்!" என்றது கொக்கு. மூன்று ஆமணக்கு விதைகளை அலகால் தள்ளியது. "மூணையும் கடிச்சு முழுங்கிடு. மடையே திறந்துக்கிட்ட மாதிரி ஆயிடும்!"

"யாருக்கும் தெரிய வேண்டாமே..."

"மூச்சு விடமாட்டேன்! இனிமே உன் பங்கு மீன் தினமும் இங்கே வந்துடணும், அதுதான் பேச்சு."

பஞ்சவர்ணம் விதைகளை வாயில் கவ்விக்கொண்டு மணல் திட்டுக்கு வந்தது. அங்கே உருண்டையப்பன் நின்றுகொண்டிருந்தது. உருண்டையப்பன் ஒரு சாணி வண்டு. முகமெல்லாம் மண். கோபத்தில் மீசை துடித்தது.

"தாயி! நல்லா இருக்கா இது? அஞ்சு குவியல் தோண்டினேன். அஞ்சும் வெறும் மண்ணு!"

பஞ்சவர்ணம் விதைகளைக் கீழே போட்டது. "என்ன அண்ணாச்சி, பொய் சொல்றீங்க!"

"சாண விஷயத்துல நான் பொய் சொல்லுவேனா? எனக்குச் சோறே அதுதான்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாக்குறீங்களே! எத்தனை நாளாச்சு?"

பூனை கண்ணை மூடிக்கொண்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வண்டு அங்கேயேதான் நின்றது.

"ஆறு நாள்," என்றது பஞ்சவர்ணம், கண்ணைத் திறக்காமலே.

உருண்டையப்பனின் கோபம் போன இடம் தெரியவில்லை. "ஆறு நாளா! ஐயோ தாயி! இதென்ன விதை? ஆமணக்கா? இதைத் தின்ன ஒரு ஆட்டுக்குட்டியை நான் பாத்திருக்கேன். அது மறுபடி எந்திரிக்கவே இல்லை. தொடாதீங்க! சுழியன்கிட்ட சொன்னீங்களா?"

"வேண்டாம் அண்ணாச்சி! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"எனக்கு ஆறு கால். எதைப் பிடிப்பீங்க?"

"விளையாடாதீங்க. தெரிஞ்சா என்னை மறுபடி சாக்குல போட்டுருவாங்க. இந்த வயசுல எனக்கு இன்னொரு வாய்க்கால் தாங்காது." பஞ்சவர்ணம் விசும்பியது.

வண்டு தணிந்த குரலில், "நான் சொல்லமாட்டேன் தாயி. உங்க வயிறு, உங்க வாயி. ஆனா இப்படியே இன்னும் ரெண்டு நாள் போனா, உங்களைத் தூக்கிப் போட யாரும் வேண்டாம். நீங்களே போயிருவீங்க," என்றது.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பஞ்சவர்ணம் எழுந்தது. மடுவுக்குப் போகிற இருபது அடியும் இருபது காதமாய் நீண்டது. கரையில் சுழியன் மீனைக் கவ்விக்கொண்டு நின்றது.

"தம்பி," என்றது. "நான் உன்னை ஏமாத்திட்டேன். அந்தக் குழியெல்லாம் வெறும் குழி. எனக்கு ஆறு நாளா வெளிக்குப் போகலை. இது இன்னிக்கு வந்த நோய் இல்லை. வருஷக்கணக்கா இருக்கு. இதுக்காகத்தான் என்னைத் தூக்கிப் போட்டாங்க."

சுழியன் வாயில் இருந்த காய்ந்த மீன் கீழே விழுந்தது. அதையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தது. "ஐயையோ! மரக்கட்டை மாதிரி மீனை நானே உங்களுக்கு ஊட்டினேனே! மரியாதை, மரியாதைன்னு உங்க குடலை அடைச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கு இப்பத்தான் பயமா இருக்கு!" என்று கத்தியது சுழியன்.

கொக்கு கொடுத்த மருந்தைப் பற்றியும் பஞ்சவர்ணம் சொன்னது. சுழியன் முதல் வேலையாக மூன்று ஆமணக்கு விதைகளையும் எடுத்துக்கொண்டு கொக்கிடம் போனது. "வைத்தியரே, நல்ல மருந்தாமே! நீங்க முதல்ல ஒண்ணு முழுங்கிக் காட்டுங்க!" என்றது. கொக்கு இரண்டாவது காலையும் கீழே வைத்தது. அப்புறம் பறந்ததுதான், அடுத்த ஏரியில்கூட நிற்கவில்லையாம்.

பிறகு மருத்துவம் தொடங்கியது. சொன்னது உருண்டையப்பன், செய்தது சுழியன். காய்ந்த மீன் நின்றது. பச்சை மீனைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதில் பழுத்த பரங்கிச் சதையைக் கொஞ்சம் பிசைந்து வைத்தார்கள். "இது என்ன கூழ்!" என்று முகம் சுளித்த பஞ்சவர்ணம், வழித்து நக்கியது. தேங்கின தண்ணீரைத் தொடாத கிழவி, இரண்டு கல்லுக்கு நடுவே ஓடிவந்து விழும் ஊற்று நீரைக் கண்டதும் நாக்கை நீட்டியது. ஓடுகிற தண்ணீர் அதனிடம் ஏதோ பேசுவதுபோல் இருந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே குடித்தது. சாயங்காலம் கரையோரமாய் மெதுநடை. மணல் திட்டைச் சுற்றி நாணல் நட்டு மறைப்புக் கட்டினார்கள். பெரிய மனுஷி உட்காரும்போது ஊர் பார்க்கலாமா?

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சுழியன் மீன் பிடிக்காமல் கரையிலேயே கிடந்தது. உருண்டையப்பன் நாணலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று, "அவசரமில்லை தாயி, அவசரமே இல்லை," என்று நூறு தடவை சொன்னது.

மூன்றாம் நாள் மத்தியானம், சுழியன் தன் வளைக்குள் இருந்த கோரைப்புல் படுக்கையைக் காட்டி, "இதுல கொஞ்சம் சாஞ்சுக்குங்க அக்கா," என்றது. குட்டியாய் இருந்தபோது அதன் அம்மா பின்னிய படுக்கை அது. பஞ்சவர்ணம் சாய்ந்தது. கண் சொக்கியது. மறுபடி அதே மடு, அதே பச்சை வெளிச்சம். ஆனால் இந்தத் தடவை அது அமிழவில்லை. தண்ணீர் அதைக் கையில் ஏந்தி மெல்ல மேலே தூக்கியது. கெண்டைக்குஞ்சுகள் விலகி வழிவிட்டன. உடம்பு இறகாய் லேசாகி, பனிக்கு மேலே வெயிலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் விழிப்பு வந்தது. வயிறு லேசாக இருந்தது. படுக்கையைப் பார்த்தது. ஐயோ!

படுக்கையின் மேலேயே போயிருந்தது.

பஞ்சவர்ணத்துக்கு உடம்பு சில்லிட்டது. புல்லை இழுத்து மூடப் பார்த்தது. அம்மா பின்னிய படுக்கை! முடிந்தது கதை. வளைவாசலில் சுழியனின் நிழல் விழுந்தது. பஞ்சவர்ணம் தலையைக் குனிந்து, காதைப் பின்னுக்கு மடித்து, சாக்குக்காகக் காத்திருந்தது.

சுழியன் படுக்கையைப் பார்த்தது. ஒரு நொடி அசையவில்லை. அப்புறம் வாசலுக்கு ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கத்தியது.

"போயிட்டாங்க! அக்கா போயிட்டாங்க! எல்லாரும் ஓடி வாங்க!"

உருண்டையப்பன் ஓட்டமாய் வந்து எட்டிப் பார்த்து, "ஆகா! ஆகா! என்ன அருமை!" என்று கண் கலங்கியது. தவளைகள் தாளம் போட்டன. சுழியன் பூனையைக் கட்டிக்கொண்டு அழுதது.

"உன் படுக்கை, தம்பி..." என்றது பஞ்சவர்ணம்.

"போகுது போங்க! புல்லு நாளைக்கும் முளைக்கும்!"

அதோடு நோய் ஓடிவிடவில்லை. வயதான வயிறு, மூன்று நாளைக்கு ஒருதரம் முரண்டு பிடிக்கத்தான் செய்தது. பரங்கியும் ஊற்று நீரும் மெதுநடையும் தினமும் வேண்டியிருந்தது. ஆனால் முரண்டு பிடித்த அன்றைக்கே, வெயில் ஏறுவதற்குள், பஞ்சவர்ணம் கரையில் நின்று மடு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

வெட்கப்பட்டு மூடி வைத்த நோய் உயிரைக் குடிக்கும், அன்புள்ளவர் காதில் போட்ட நோய்க்கே மருந்து கிடைக்கும்.