மூன்று விநாடி அமுக்கவும்

குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயதாவது குறைவு. அதில் நஞ்சப்பனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பம்ப்செட் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில் நடுத்தெருவில் நின்றவருக்கு மொபைல் செயலிகளைச் சோதிக்கும் வேலையைச் சொல்லிக்கொடுத்தவள் சுகந்திதான். அதை யாரிடமும் சொல்ல அவர் கூச்சப்பட்டதில்லை. இன்று மட்டும் அவளைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். ஷிப்ட் முடிந்து விடுதிக்கு நடந்து திரும்பும் மில் பெண்களுக்காக ஒரு செயலி. வழியில் ஆபத்து என்றால் திரையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். விடுதிக் காப்பாளருக்கும் காவலாளிக்கும் வீட்டுக்கும் செய்தி பறக்கும், போனில் சைரனும் அலறும். கைப்பைக்குள் தானாக அமுங்கி ஊரைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூன்று விநாடி.

சாயங்காலம் செயலி வெளியாக வேண்டும். அதற்குச் சுகந்தி ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நஞ்சப்பனின் வேலை நிரந்தரமாவதும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் சொல்லவில்லை.

“எல்லாப் போன்லயும் பாத்தாச்சுங்களாண்ணா?”

“பாத்தாச்சுங்க மேடம். பழசு, புதுசு, சின்னது, பெருசு, ஒண்ணு விடல. எல்லாம் பாஸ்.”

“இன்னொருக்கா பாருங்க.”

பார்த்தார். பார்த்தார் என்றால் போனைக் கையில் எடுத்து அல்ல. கையில் எடுக்கப் போன் ஏது? அவருடையது பழைய பட்டன் போன். சோதிப்பதற்கென்று ஒரு போன் வாங்கித் தர அந்தக் கம்பெனிக்கு மனசு வந்ததே இல்லை. வாசலில் நீரூற்று வைக்க வந்தது, இதற்கு வரவில்லை. எங்கோ ஒரு ஊரில், குளிரூட்டிய அறையில், அடுக்கடுக்காக மாட்டி வைத்திருக்கும் போன்களை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் போனின் திரை நஞ்சப்பனின் கம்ப்யூட்டரில் தெரியும். மவுஸால் அமுக்க வேண்டும். குளிக்காமலே தலை துவட்டுகிற வேலை என்று முதல் நாளே அவருக்குத் தோன்றியது. தோன்றியதை வாய்விட்டுச் சொன்னதும் உண்டு. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடியும் எல்லாம் பாஸ்.

“இன்னொருக்கா பாத்துருங்க,” என்றாள் சுகந்தி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எதைங்க மேடம் பாக்கறது?”

“எல்லாத்தையுந்தான்.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவருக்கென்ன, தட்டிக் காட்டுவதோடு வேலை முடிந்தது. நஞ்சப்பன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு போனாகத் திறந்து, அம்புக்குறியைச் சிவப்புப் பொத்தானின் நடுவில் வைத்து, அமுக்கிப் பிடித்தார். ஒவ்வொன்றும் செய்தியை அனுப்பியது. பச்சை நிறத்தில் ‘பாஸ்’ விழுந்துகொண்டே இருந்தது.

முடித்துவிட்டு வந்து நின்றபோது சுகந்தி மிக்ஸர் கொறித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒழுங்காப் பாக்கலைன்னு நெனைக்கிறேனுங்ணா.”

அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பக்கத்து வரிசையில் கீபோர்டு சத்தம் நின்றுபோனது.

நஞ்சப்பனுக்குக் காது மடல் சுட்டது.

“மேடம், வயசுல சின்னவங்கன்னு ஒரு நாளாவது மரியாதைக் கொறைவாப் பேசியிருப்பனுங்களா? பம்ப் கம்பெனில தண்ணி எறைச்சுப் பாக்காம ஒரு பம்ப்பை வெளிய விட்டதில்ல நான். இங்க வந்தா போனே இல்லாம போனைச் சோதிங்கன்னீங்க. வாயை மூடிட்டுச் செஞ்சேன். ரெண்டே ரெண்டு போன் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். எல்லாருஞ் சிரிச்சீங்க.”

“நான் சிரிக்கலீங்ணா.”

“தடுக்கவும் இல்லீங்களே.”

“அது நெசந்தான்,” என்றாள் அவள். குரலில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

அந்த நிதானம்தான் அவரை இன்னும் கிளப்பிவிட்டது. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்டதைக் கொடுக்காமல் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு, அப்புறம் நாலு பேர் முன்னால் வேலை சரியில்லை என்றால் எவருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும்.

“சொல்லுங்க மேடம். எந்தப் போன்ல தப்பு? எந்த எடத்துல தப்பு? ஒண்ணே ஒண்ணக் காட்டுங்க. உங்களுக்கு இது வெளையாட்டு. சாயங்காலம் இது போகலைன்னா வேலைய விட்டு வீட்டுக்குப் போறது நானு. நீங்க இல்ல.”

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய சொந்தப் போனை எடுத்தாள். செயலியை அதில் ஏற்றி வைத்திருந்தாள்.

“சரின்னு சொல்லிர்றேன். ஒரே ஒருக்கா இதுல அமுக்கிக் காட்டுங்க. போதும்.”

“இவ்வளவுதானா?”

பிடுங்காத குறையாக வாங்கினார். கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தானில் வைத்தார். பொத்தானைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வட்டமாக வளரத் தொடங்கியது. வட்டம் முழுசாக மூடினால் செய்தி போய்விடும். பாதி வந்ததும் கோடு காணாமல் போனது.

மறுபடி வைத்தார். முக்கால் வட்டம் வந்தது. அதுவும் போனது.

“உங்க போன் சரியில்ல.”

அவள் வாங்கி அமுக்கினாள். வட்டம் மூடியது. சைரன் அலறிய அலறலில் கண்ணாடி அறைக்குள்ளிருந்த மேலாளரே எழுந்து பார்த்தார். அவள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனை மறுபடி நஞ்சப்பனிடம் கொடுத்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். கால் வட்டம். திரை உடைந்துவிடும்போல அமுக்கினார். பாதி வட்டம். பக்கத்து வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். கால் வட்டம்கூட வரவில்லை.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. விரல் இம்மி நகர்ந்தாலும் போதும், கையை எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு செயலி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது. மவுஸின் அம்புக்குறி ஒருநாளும் இப்படி ஆடியதில்லை.

ஆனால் அதை யோசிக்கிற நிலையிலா இருந்தார் நஞ்சப்பன்? காரணம் கையில் கிடைத்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

“பாத்தீங்களா? கை நடுங்குது. காலைல இருந்து நீங்க ஏத்திவிட்ட கோவத்துல நடுங்குது. இதெல்லாஞ் சோதனைல சேராதுங்க மேடம். போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன். அப்பறம் பாருங்க, ஒரே அமுக்கு.”

சுகந்தி நாற்காலியை இழுத்து அவருக்கு வழிவிட்டாள்.

“குடிச்சுட்டு வாங்கண்ணா,” என்றாள். “அந்த மில்லுப் புள்ளையையும் தண்ணி குடிச்சுட்டு வந்து அமுக்கச் சொல்லிரலாம்.”