அடுத்த இலை

ஆற்றங்கரை அன்ன மடத்துக்குக் குற்றாலிங்கம் முதன்முதலில் போனது, அரிசி மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் திரும்பிவிடத்தான். மடத்தை நடத்திவந்த உலகம்மாள் மூட்டைகளை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அவர் கையில் ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கொடுத்தார். பஸ் கம்பெனி முதலாளி சலவை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, கண்ணீர் விட்டபடியே அத்தனையையும் உரித்து முடித்தார். அன்றிலிருந்து உலகம்மாள்தான் தன் குரு என்று சொல்லத் தொடங்கினார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஊரில் அதைக் கேலி செய்தவர்களும் உண்டு, அவர் கண்டுகொள்ளவில்லை.

போன தேர்தலில் குற்றாலிங்கம் நகராட்சித் தலைவரானார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலுவலகத்தில் குடிக்கும் காபிக்குக்கூடத் தன் சட்டைப் பையிலிருந்துதான் கொடுப்பார். பதவிக்கு வந்ததுமே கம்பெனியைத் தம்பி திருமலையிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் எந்த வண்டி எங்கே பழுதாகி நிற்கிறது என்ற கவலை மட்டும் அவர் மண்டையை விட்டுப் போகவில்லை. அப்பா ஒற்றை வண்டியை வைத்து ஆரம்பித்த கம்பெனி. எப்படிப் போகும்?

இந்த நேரத்தில்தான் புதுப் பேருந்து நிலையத் திட்டம் வந்து சேர்ந்தது. அதற்கு இரண்டு இடங்கள் பார்த்திருந்தார்கள். ஒன்று, ஊருக்கு நடுவில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை. மற்றொன்று, ரயில்வே கேட்டுக்கு அப்பால் வெகுதூரம் தள்ளியிருக்கும் பொட்டல். பஞ்சாலையை ஒட்டிய நிலம் குற்றாலிங்கத்தின் குடும்பச் சொத்து. பத்திரம் தம்பி பெயரில் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். வக்கீல் அப்படிச் சொன்ன பிறகுதான் தலைவருக்குத் தூக்கம் போயிற்று.

இடத்தை முடிவு செய்ய மன்றக் கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மதியம் அவர் மடத்துக்கு வந்தார். கூடவே திருமலையும் வந்தார். திருமலைக்கு ஞானத்தில் பெரிய நாட்டமில்லை. மடத்தில் அன்றைக்குக் கூட்டாஞ்சோறு என்று கேள்விப்பட்டிருந்தார்.

உலகம்மாள் அடுப்படியில் இருந்தார். குற்றாலிங்கம் போய் நின்று, விஷயத்தை முதலிலிருந்து சொன்னார்.

“ஊருக்கு எது வசதின்னு கேட்டா பஞ்சாலை இடந்தாம்மா. ஆனா பொட்டலுக்குத்தான் நான் கையெழுத்துப் போடப்போறேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“பஞ்சாலைக்குப் போட்டா எங்க நிலம் விலை ஏறிரும். நாலு பேரு வாயில விழணுமா? எனக்கு அந்தக் காசே வேண்டாம். நான் செய்யுதது சரிதானம்மா?”

வெளியே இலை போட்டாயிற்று என்று யாரோ குரல் கொடுத்தார்கள். உலகம்மாள் கூட்டாஞ்சோற்று வாளியையும் கரண்டியையும் எடுத்துக் குற்றாலிங்கத்திடம் நீட்டினார்.

“இன்னைக்கு நீங்க பரிமாறுங்க.”

தலைவருக்குச் சந்தோஷம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக்குப் போனார். கூலிக்காரர்கள், வழிப்போக்கர்கள், சந்தைக்கு வந்தவர்கள் என்று வரிசை நீளமாக இருந்தது. வரிசைக்கு நடுவில் தம்பி திருமலையும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் கையால் சோறு என்றதும் பந்தியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குனிந்து, ஒவ்வொருவரையும் விசாரித்து, பதமாக வைத்துக்கொண்டே வந்தார்.

தம்பியின் இலை வந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று இருந்தது அவருக்கு. பாதிக் கரண்டி வைத்தார். திருமலை இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் கேட்டதைப் பார்க்காதவர்போல வேகமாக நகர்ந்தார். பிறகு பழையபடி நிதானமாகக் கடைசி இலைவரைக்கும் பரிமாறிவிட்டு, காலி வாளியோடு அடுப்படிக்குத் திரும்பினார். முகத்தில் வேர்வையும் திருப்தியுமாக இருந்தது.

உலகம்மாள் கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிப் பரிமாறினீர்கள் என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே அளவு என்றார் குற்றாலிங்கம். தம்பிக்கு மட்டும் வேண்டுமென்றே குறைத்து வைத்ததையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“தம்பிக்கு அடுத்த இலையில யாரு?”

குற்றாலிங்கம் யோசித்தார். தம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தவர் ஞாபகம் இருந்தது. செருப்புத் தைக்கிறவர், காரம் வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் யார் என்று நினைவுக்கு வரவில்லை. திரும்பிப் பந்தியைப் பார்த்தார்.

சந்தையில் கீரை விற்கும் செண்பகம் அங்கே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தெளித்த இலை அப்படியே காலியாக இருந்தது. சுற்றிலும் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அந்த அம்மாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கம் வாளியை நிரப்பிக்கொண்டு ஓடினார்.

“ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லாம்மா.”

“நீங்க என்னமோ அவசரமாப் போனீங்க. திரும்பி வருவீங்கன்னு இருந்தேன்” என்றார் செண்பகம். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் குற்றாலிங்கத்தை என்னவோ செய்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பந்தி எழுந்த பிறகும் அவர் அடுப்படியை விட்டுப் போகவில்லை. உலகம்மாள் வாளியைக் கழுவத் தொடங்கினார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. வேண்டுமென்று யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. அப்படியும் ஒரு மனுஷியைப் பட்டினியாக உட்கார வைத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கடைசித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அப்ப பஞ்சாலைக்கே போட்டுரட்டுமாம்மா?”

“அதுலயும் தம்பி உக்காந்திருக்காரே அண்ணாச்சி.”

“பின்ன நான் எங்கதான் நிக்க?”

உலகம்மாள் வாளியைக் கவிழ்த்து வைத்தார். தன் அக்கா மகனைப் பற்றிச் சொன்னார். அவனுக்கு நிலையான வேலை கிடையாது; அவ்வப்போது சாப்பிட இங்கே வருவான். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவர் கரண்டியைத் தொடுவதில்லை. பின்பக்கம் பாத்திரம் விளக்கப் போய்விடுவார். மடத்தில் உதவிக்கு இருக்கும் ராசாத்திதான் பரிமாறுவாள்.

ராசாத்தி பரிமாறும் லட்சணம் குற்றாலிங்கத்துக்குத் தெரியும். பாதிச் சோறு தரையில் கிடக்கும். ஒருவருக்கு மலைபோலக் குவிப்பாள், மற்றவருக்குக் கிள்ளி வைப்பாள்.

அவருக்குத் தன் துணைத்தலைவரின் நினைவு வந்தது. நாளைக்கு இவர் விலகிக்கொண்டால் கூட்டத்தை நடத்த வேண்டியது அவர். இவரைக் கண்டாலே ஆகாது அவருக்கு. வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாது. எதிலாவது கையெழுத்துப் போட்டு வைத்தால் ஊர்தான் காலமெல்லாம் நடக்க வேண்டும். இந்தப் பேருந்து நிலையத்துக்காக மூன்று வருஷமாகச் சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்தவர் குற்றாலிங்கம். அதைப் போய் அந்த மனிதர் கையில் விட்டுவிட்டு வெளியே உட்காருவதா? இல்லையென்றால், தம்பியிடம் அந்த நிலத்தையும் கம்பெனியையும் விற்கச் சொல்லலாம். அதை நினைத்தாலே அப்பா முகம் முன்னால் வந்து நின்றது. இரண்டுமே அவருக்கு வலித்தது.

உலகம்மாளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“உங்க கைமாதிரி ராசாத்தி கை வருமாம்மா? நீங்க ஒரு பருக்கை கீழ விடமாட்டீங்க. அக்கா மகன் இருந்தா என்ன? உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

“நல்லாவே இருக்கு அண்ணாச்சி” என்றார் உலகம்மாள். “ஆனா அவனுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கவங்க சோறு சாப்பிட வந்திருக்காங்க. என் நம்பிக்கையைச் சாப்பிடவா வந்திருக்காங்க?”