பதில் சொல்லலாமா

கிரேக்கமும் லத்தீனும் புத்துயிர் பெற்றுக்கொண்டிருந்த காலம். இத்தாலியின் துறைமுக நகரம் ஒன்றில் அம்புரோஜோ என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பழைய நூல்களை விரித்து வைத்துக்கொண்டு மனிதனின் மேன்மையைப் பேசுவார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ததேயோ என்ற வழக்கறிஞர் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். ததேயோ எழுந்து நின்றாலே எதிர்த்தரப்புக்கு நா உலர்ந்துபோகும் என்று ஊரில் பேச்சு.

அந்த ஆண்டு ஒரு வழக்கு வந்தது. கருங்கடலுக்கு அப்பாலிருந்து பிடித்துவரப்பட்டு, சந்தையில் விற்கப்பட்டவள் செதெனாய். தன்னை வாங்கிய பட்டு வணிகரின் வீட்டிலிருந்து ஓடினாள், பிடிபட்டாள். தான் யாருடைய சொத்தும் இல்லை, நீதிபதிகள் தன்னை விசாரிக்கட்டும் என்றாள்.

வணிகர் ததேயோவை அமர்த்தினார். விலைக்கு வாங்கியவளுக்கு நீதிமன்றத்தில் பேச இடமில்லை என்று நிறுவ வேண்டும். நிறுவிவிட்டால் விசாரணையே கிடையாது. அவளைக் கப்பலேற்றி வேறு ஊரில் விற்றுவிடலாம்.

ததேயோ உழைத்தார். தாம் ஆசையாகக் கற்ற நூல்களிலிருந்தே மேற்கோள்களை எடுத்தார். மனிதனுக்கு மேன்மை பகுத்தறிவால் வந்தது. பகுத்தறிவு பேச்சில் வெளிப்படுவது. இவளைப் போன்றவர்களிடம் இருப்பது வெறும் ஓசை. இப்படிப் போயிற்று வாதம். எழுதி முடித்த உரையை ஆசிரியரிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்புரோஜோ நிதானமாகப் படித்தார். நடை அருமை என்றார்.

"ஓட்டை ஏதும் தெரிகிறதா, ஆசிரியரே?"

"என்னிடம் ஏன் காட்டுகிறீர்கள்? அவளிடம் வாசித்துக் காட்டுங்கள்."

"அவளுக்கு என்ன புரியும்?"

"புரியாவிட்டால் உங்கள் வாதம் வென்றது. போய் வாருங்கள்."

ததேயோ நம்பிக்கையோடுதான் சிறைக்குப் போனார். கம்பிகளுக்கு அப்பால் செதெனாய் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர் மக்கள் பேசும் மொழி அவளுக்கு நன்றாகப் பழகியிருந்ததால், லத்தீனில் எழுதியதை அந்த மொழியில் சொல்லிக்கொண்டே போனார். லத்தீனில் கம்பீரமாக நின்ற வாக்கியங்கள் அந்த அறையில் கூசி நின்றன. சில இடங்களில் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவள் அசையாமல் கேட்டாள். அழவில்லை.

"முடிந்ததா, ஐயா?"

"முடிந்தது."

"நான் பதில் சொல்லலாமா?"

ததேயோ வாயைத் திறந்தார். சொல்லலாம் என்றால் கையிலிருந்த உரை அங்கேயே செத்தது. கூடாது என்றால், அதை யாரிடம் சொல்கிறோம்? ஓசையிடமா? தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் நீதிமன்றத்தில் அவர் வணிகரின் பக்கம் போய் நிற்கவில்லை. இந்த வழக்கை நடத்தப்போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, நீதிபதிகளின் பக்கம் திரும்பினார். தாம் எழுதிய வாதத்துக்கு அந்தப் பெண்ணிடம் ஒரு பதில் இருக்கிறது, அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார். வணிகர் கொதித்தார். நீதிபதிகள் தங்களுக்குள் நெடுநேரம் வாதிட்டார்கள். கடைசியில் அவளை அழைத்துவரச் சொன்னார்கள்.

அவள் தன் தகப்பன் பெயரைச் சொன்னாள். பிறந்த கரையைச் சொன்னாள், பிடித்துவரப்பட்ட விதத்தைச் சொன்னாள்.

"விற்றவர் பேரம் பேசினார். வாங்கியவர் பேரம் பேசினார். என்னை ஒருவரும் கேட்கவில்லை" என்றாள்.

அவள் யாருக்கும் உடைமையல்ல என்று அன்று மாலை தீர்ப்பாயிற்று.

ததேயோ நேராக ஆசிரியரிடம் வந்தார். பெரிய கட்சிக்காரரை இழந்த வருத்தம் முகத்தில் இல்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். இதைப் பற்றி ஓர் உரை எழுதப்போவதாகவும், அதன் முதல் வாக்கியம் இப்போதே மனதில் இருப்பதாகவும் சொன்னார்.

"சொல்லுங்கள், கேட்போம்."

"மனிதர் என்ற தகுதியை இந்த நகரம் இன்று ஒரு பெண்ணுக்கு வழங்கியது."

அம்புரோஜோ சிரித்தார்.

"கோழி கூவியது நல்லதுதான். அது கூவித்தான் பொழுது விடிந்தது என்று எழுதிவிடாதீர்கள்."