எண்ணெய் இறைக்கிறவர் கை

நெடுங்கரை சனீஸ்வரன் கோயிலில் எண்ணெய் இறைக்கிறவர் பக்கிரிசாமி. அது என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சனிக்கிழமை வந்தால் ஆயிரம் பேர் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து முழுகுகிறார்களே, அந்த எண்ணெய் எங்கே போகும்? முன்பெல்லாம் குளத்துக்குத்தான் போனது. மீன் செத்து மிதந்தது. அப்புறம்தான் குளிக்கத் தனியாக மேடை கட்டி, வடிகால் வெட்டி, கடைசியில் ஒரு குழி தோண்டி, கரையில் மோட்டார் வைத்தார்கள்.

குழியில் தண்ணீர் அடியில் நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். உறிஞ்சுகிற குழாயின் வாயைக் காலி கேன் ஒன்றோடு சேர்த்துக் கட்டி மிதக்க விடுவார் பக்கிரிசாமி. கொஞ்சம் தாழ்ந்தால் தண்ணீரை இழுத்துவிடும். மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் பார்த்துப் பார்த்து டிரம்மில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை சோப்புக் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும்.

முழுகியவர்கள் திரும்பிப் பார்க்காமல் போவது அங்கே வழக்கம். பிடித்த சனி எண்ணெயோடு இறங்கிவிட்டது என்று நம்பிக்கை. இறங்கினது எங்கே போனது என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா? பக்கிரிசாமிக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. அதுவும் பேத்தி பிறந்த பிறகு வந்தது.

கோயிலுக்குப் பின்தெருவில் மடம். அதை நடத்தும் தவமணி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பக்கிரிசாமிக்கு ஐம்பத்தாறு. இருந்தும் அவர்தான் சீடர், அந்த அம்மாதான் குரு. ஆறு வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் போய் எதிரே உட்காருகிறார். அந்த அம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வியாழக்கிழமை.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கண்ணே."

"அத்தனை பேர் தோஷமும் அந்த எண்ணெய்ல இறங்குதுங்கிறாங்க. குழாய் அடைச்சா நான்தான் கையை விட்டு எடுக்கிறேன். அது என் கையில ஒட்டியிருக்குமா, இருக்காதா?"

"எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறீங்க?"

"ஒன்பது வருஷமா."

"இத்தனை நாள் கேட்கலையே."



"வேம்புக்குப் பொண்ணு பொறந்து நாப்பது நாள் ஆச்சும்மா. நான் இன்னும் தூக்கலை."

வேம்பு அவருடைய ஒரே மகள், பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. பக்கிரிசாமி இந்த வேலைக்குச் சேர்ந்த மறு வருஷமே அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? சனி எண்ணெயைத் தொட்ட வீடு, பின்னே எப்படி விளங்கும் என்று பேசியது. அப்போது அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்செல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது.

"வேம்பு பிள்ளையை நீட்டுறா. நான் கையைப் பின்னால கட்டிக்கிறேன். பொண்ணாப் போச்சேன்னு எனக்கு மனசு இல்லைன்னு நினைச்சுட்டா. நேத்து சோறு போட்டுட்டு, ஆம்பளைப் பிள்ளையா இருந்தா தூக்கியிருப்பியாப்பான்னு கேட்டா. தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டேம்மா. ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயிடுவார்."

"உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்லுவேன்? உங்கம்மா சாவுக்கு இந்தக் கைதான் காரணமோன்னு பயமா இருக்குன்னு பெத்த பொண்ணுகிட்ட சொல்லவா?"

தவமணி அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அது சோப்பாகி நாலு பேர் அழுக்கைப் போக்குதேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்துட்டேன். கை நீள மாட்டேங்குது." அப்புறம், "வேலையை விட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"விட்டா வேற ஆள் வருவாங்களா?"

"வருவாங்க."

"அவங்க வீட்டுலயும் பிள்ளை பொறக்குமே."



"அப்ப என் கையில இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லுங்கம்மா."

"தெரியலைண்ணே. நான் அந்த எண்ணெய்ல கை வெச்சதே இல்லை. வெச்சாத்தானே தெரியும்? சனிக்கிழமை வரேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று பக்கிரிசாமி நினைத்தார். சனிக்கிழமை விடியும்போது குழிக்கரையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார் அந்த அம்மா.

"நீங்க போய் இதுல எல்லாம்..."

"மோட்டாரைப் போடுங்கண்ணே. கூட்டம் வந்துட்டுது."

ஒரு மணி நேரம்தான் ஓடியது. அப்புறம் மோட்டார் காற்றை இழுத்து இரைந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. பக்கிரிசாமி குனிவதற்குள் தவமணி அம்மா குழிக்குள் தோள்வரை கையை விட்டுவிட்டார். முடிக்கற்றை வந்தது. எள் முடிந்த கறுப்புத் துணி, பூச்சரம், அறுந்த அரைஞாண் கயிறு ஒன்று. எல்லாவற்றையும் கரையில் போட்டுவிட்டு மறுபடியும் கையை விட்டார்.

அப்போதுதான் முழுகி எழுந்த ஒரு பெண் அந்தப் பக்கமாக வந்தார். எண்ணெய் மேலே தெறித்துவிடப் போகிறதென்று புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க தள்ளுங்க, பட்டுடப் போகுது" என்று ஒதுங்கி ஓடினார். அவர் தலையிலிருந்து வடிந்த எண்ணெயும் வடிகால் வழியாக அங்கேதான் வந்துகொண்டிருந்தது. பக்கிரிசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. தனக்கென்றால் பழகிப்போன ஒன்று, அந்த அம்மாவை அப்படிச் சொன்னது பொறுக்கவில்லை.

"போதும்மா. நீங்க பார்த்தது போதும்."

"இன்னும் பார்த்து முடியலைண்ணே."

மத்தியானம் அந்த அம்மா சாப்பிடக்கூடப் போகவில்லை. டிரம் நிறைந்தால் குழாயை மாற்றினார், அடைத்தால் எடுத்தார், கேன் சாய்ந்தால் நிமிர்த்தினார். வெயில் இறங்கி மோட்டாரை நிறுத்தியபோது ஏழு டிரம் நிறைந்திருந்தது.

பக்கிரிசாமி தினமும் செய்வதைச் செய்தார். சாம்பலும் செங்கல் தூளும் போட்டுக் கையைத் தேய்த்தார். நாற்பது நாளாக அப்படித் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது. எரிந்தாலும் விடாமல் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்தார்.

தவமணி அம்மா கழுவவில்லை.

"சாம்பல் தரட்டுமாம்மா?"

"இருக்கட்டும். வேம்பு வீட்டுலதானே இருக்கா?"

கேட்டுக்கொண்டே நடந்துவிட்டார். பக்கிரிசாமி பின்னாலேயே ஓடினார்.

வேம்பு வாசல்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடத்து அம்மாவைக் கண்டதும் பிள்ளையோடு எழுந்து நின்றாள்.

"வாங்கம்மா."

"நாளைக்குக் கிளம்புறியாமே. பிள்ளையைக் கொடு, ஒரு தடவை தூக்கிக்கிறேன்."

இரண்டு கையையும் நீட்டினார். முழங்கையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வேம்பு அந்தக் கைகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அந்த அம்மா கேட்டு இல்லையென்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிப் பிள்ளையை நீட்டினாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு துள்ளியது.

பக்கிரிசாமி குறுக்கே பாய்ந்தார். மகள் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தான் என்ன செய்துவிட்டோம் என்று பக்கிரிசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பிள்ளையை விடவில்லை. அது அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏண்ணே வாங்கிட்டீங்க?" என்று கேட்டார் தவமணி அம்மா.

"உங்க கை பூரா எண்ணெயா இருக்கேம்மா. வழுக்கிடும். பிள்ளையைக் கீழே விட்டுடுவீங்க."

தவமணி அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாண்ணே," என்றார். "காலையில இருந்து தேடிட்டேன். இந்த எண்ணெய்ல பயப்படறதுக்கு எனக்கும் அந்த வழுக்கல் ஒண்ணுதான் கிடைச்சுது."