சிவப்பு லீவரும் கறுப்பு லீவரும்

கோவளத்துக்குத் தெற்கே ஒரு கழிமுகத்தில் பெர்னதெத் வேகப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தாள். தூத்துக்குடிக்காரி. பல வருடங்கள் பந்தயப் படகு ஓட்டியவள். நாற்பதைத் தொடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், சில சமயம் அதுவும் சொல்ல மாட்டாள்.

அவளிடம் வந்து சேர்ந்த சீடருக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. பெயர் தணிகாசலம். தாம்பரம் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துபவர். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, வெகுநாள் ஆசையாக இரட்டை இன்ஜின் படகு ஒன்று வாங்கினார். அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார்: சௌந்தரி.

முதல் சவாரியிலேயே வினை வந்தது.

அன்று படகுத்துறையில் ஒரு புதுமணத் தம்பதியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் துறையை நோக்கி வேகமாக வந்தார். வேகத்தைக் குறைக்க இரண்டு சிவப்பு லீவரையும் பின்னால் இழுக்க வேண்டும். அவர் கை ஒரு சிவப்பையும் பக்கத்திலிருந்த ஒரு கறுப்பையும் சேர்த்து இழுத்தது. கறுப்பு என்றால் கியர். படகு தன் வாலைத் தானே பிடிக்கப்போன நாய் மாதிரி சுழன்றது. எழும்பிய தண்ணீர் மாப்பிள்ளை, பெண், கேமரா, பெண்ணின் பெரியப்பா எல்லோர் மேலும் விழுந்தது.

படகிலிருந்து தட்டுத்தடுமாறி இறங்கிய மனைவி சொன்னாள்: "இனிமே இந்தச் சௌந்தரி அந்தச் சௌந்தரியில ஏற மாட்டா."

பெர்னதெத் சரி என்று சொல்லும்வரை தனியாகப் படகை எடுக்கக் கூடாது என்று துறையை நடத்தும் படகு கிளப்பிலும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் நின்றார்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு கேள்விதான். லீவரை எங்க வைக்கணும்?"

"இப்ப எங்க இருக்கு?"

"வலது பக்கம். அதுக்கு முன்னாடி நடுவுல இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி இடது பக்கம். ஒரு வாரம் மேல ஏத்திப் பார்த்தேன். சரிப்படலை."

அவள் கரையில் டிரெய்லர் வண்டிமேல் நின்ற படகுக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டீரிங்கைச் சுற்றி இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டைகள்.

"யாரு மாத்துனது?"

"நானேதான்." இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துப் பெருமையாகக் காட்டினார்.

"ஏறி உக்காருங்க. கண்ணை மூடுங்க."

மூடினார். அவள் ஒரு மக் தண்ணீரை அவர் தலையில் ஊற்றி, "அலை!" என்று கத்தினாள்.

தணிகாசலம் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்தார். வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"காலு என்ன பண்ணுது?"

"பிரேக்..."

"படகுலயா?"

அவர் காலை மெதுவாக எடுத்தார்.

"கை ஏன் லீவருக்குப் போகலை?"

"விழுந்துடுவேனோன்னு பயம், மேடம்."

"விழப்போறவருக்கு லீவர் எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

அவள் இருக்கையை முன்னால் தள்ளினாள். முதுகும் இடுப்பும் அசையாமல் பதிய வைத்தாள். முழங்கையைத் தாங்க ஒரு திண்டு கட்டினாள். கையைத் தளரவிடச் சொல்லி, உள்ளங்கை தானாக விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். சிவப்பு லீவர்கள் அங்கே வந்தன. கறுப்பு லீவர்கள் எட்டிப் பிடிக்கிற தூரத்துக்குப் போயின.

"கியரை ஏன் மேடம் அவ்வளவு தள்ளி?"

"உங்க மண்டபத்துல தாம்பூலப் பை குடுக்கிறவரை எங்க நிறுத்துவீங்க?"

"வாசல்ல."

"மணமேடையில நிறுத்துனா?"

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எல்லாரும் பையை வாங்கிட்டுக் கிளம்பிடுவாங்க!" என்றார். பிறகு கறுப்பு லீவரைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். பெர்னதெத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படகு சீராகப் பறந்தது. தணிகாசலத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"இடம் கிடைச்சிருச்சு மேடம்! இதுதான் இடம்!"

சொல்லிவிட்டு, தன் கை சிவப்பில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இருந்தது. இடது லீவர் எது, வலது லீவர் எது என்று பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. திருப்தியாக நிமிர்வதற்குள் பெர்னதெத்தின் கை அவர் கைமேல் விழுந்து லீவர்களைப் பின்னால் இழுத்தது. படகு மூக்கைத் தண்ணீரில் குத்தி நின்றது.

கைக்கெட்டும் தூரத்தில் மீன்பிடிக்கிற ஃபைபர் படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் வலையைப் பாதி இழுத்தபடி ஒருவர் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யோவ்! எம்மேல ஏறப் பார்த்தியே! குனிஞ்சு என்னத்த தேடுற, செருப்பையா?"

தணிகாசலம் அவரைக் கும்பிட்டார். பிறகு இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

"மேடம், இன்னும் ரெண்டு இஞ்ச் மேல ஏத்திட்டா, குனியாமலே பார்த்துக்கலாம்..."

பெர்னதெத் ஸ்பேனரை வாங்கினாள். ஃபைபர் படகுக்காரரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதை வச்சுக்குங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"உங்களுக்கு உதவும். இவருக்கு உதவாது."

"மேடம், அது ஜெர்மன் ஸ்பேனர்!" என்றார் தணிகாசலம்.

கரைக்கு வந்ததும் அவர் சாப்பிட மறுத்தார். ஒரு மனிதரைக் கொல்ல இருந்தேனே என்று ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெர்னதெத் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவருடைய துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள்.

"சாப்பிடுங்க."

சாப்பிட்டார். பசியில் வேகமாகவே சாப்பிட்டார். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

"வாய் எங்க இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இது என்ன மேடம் கேள்வி? பிறந்ததுலேர்ந்து ஒரே இடத்துலதானே இருக்கு."

அவள் தன் பொட்டலத்தைப் பிரித்தாள்.

தணிகாசலம் கையைக் கழுவினார். கண்கட்டை அவிழ்க்கவில்லை. தடவித் தடவி டிரெய்லரில் நின்ற படகில் ஏறி உட்கார்ந்தார். கையைத் தளரவிட்டார். சிவப்பு. எடுத்தார். மறுபடி விட்டார். சிவப்பு. முன்னால் எட்டினார். கறுப்பு. திரும்பி வந்தார். சிவப்பு.

அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் இதுவேதான். கிளப்புக்கு வந்தவர்கள் ஓடாத படகில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைச் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒருவர் அவர் காலடியில் பூ வைத்துவிட்டுப் போனார். விளையாட்டுக்கா, வேண்டுதலுக்கா என்று தெரியவில்லை.

ஒருநாள் சௌந்தரி மோர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது, சாமியாராயிட்டீங்களா?"

"கைக்குச் சொல்லிக்குடுத்துட்டிருக்கேன்."

"கத்துக்கிச்சா? நான் ஏறலாமா?"

"வேணாம். இன்னும் சரியா வரலை. நீ ஏறாதே."

சௌந்தரி மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பெர்னதெத்திடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒண்ணைக்கூட வரலைன்னு சொன்னதில்லம்மா. சமையல் உட்பட. எப்ப சரின்னு சொல்றாரோ, அப்ப எனக்குப் போன் பண்ணு."

போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போயிற்று.

சௌந்தரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பெர்னதெத் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தணிகாசலம் முன்னால் எட்டிக் கறுப்பைத் தள்ளினார், சிவப்புக்கு வந்தார். படகு கிளம்பியது. கழிமுகத்துப் பாலம்வரை போய்த் திரும்பும்போது காற்று எதிர்த்தது, அலை எழும்பியது. சௌந்தரி கண்ணை மூடி முருகா என்றாள். படகு ஒரு அலைமேல் ஏறி அடுத்ததில் மெத்தென்று இறங்கியது. இன்ஜின் சத்தம் கூடி, குறைந்து, கூடி, குறைந்து வந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும் திறந்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போனா என்ன?" என்றாள்.

படகு துறையை நெருங்கியது. இன்ஜின் முனகலாகி அடங்கியது. பக்கவாட்டில் வந்து துறையை லேசாக உரசி நின்றது.

தணிகாசலம் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன?"

"வர்ற வழியில எப்ப எந்த லீவரைப் பிடிச்சேன்னு எனக்கு நினைவே இல்லை. சிவப்பா கறுப்பான்னு பார்க்கவே மறந்துட்டேன்."

"வேற என்ன பார்த்தீங்க?"

அவர் யோசித்தார். துறையின் விளிம்பைக் காட்டினார்.

"அந்த நாய். அங்கேயிருந்து வரும்போதே பார்த்தேன். தூங்கிட்டு இருந்துச்சு. நாம இவ்வளவு கிட்ட வந்து நின்னும் காதைக்கூட அசைக்கலை."

பெர்னதெத் எழுந்தாள்.

"எழுப்பிடாம இறங்குங்க, சார்."